மலை இறங்கும் முன் எர்த் ஒயரையும் பிரேக் ஆயிலையும் பாருங்கள்

கவாத்து எப்போது, உரம் எவ்வளவு என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறோம். பறித்த பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்கும், கேரட், உருளைக்கிழங்கை மேட்டுப்பாளையம் மண்டிக்கும் கொண்டு சேர்க்கும் பிக்கப் வண்டியைப் பற்றி எழுதுவது குறைவு. மழைக்கு முன் அதைப் பார்ப்போம்.

காலையில் செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்கிறதா? ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறதா? உடனே புது பேட்டரி வாங்கி விடாதீர்கள். விளக்குக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் போகும் மின்சாரம் இன்ஜின், சேசிஸ், எர்த் ஒயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்த வழி துருப்பிடித்தால் புது பேட்டரியும் இதே வேலையைத்தான் காட்டும்.

நீலகிரியின் மழையும் பனிமூட்டமும் துருவுக்குக் காரணம் என்பது தெரிந்ததே. நாம் ஏற்றும் உரத்தை மறந்து விடுகிறோம். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது ஈரத்தில் கரைந்து கீழே இறங்கினால், கடலோரத்து வண்டி போல அடிப்பாகம் அரிக்கும். எர்த் போல்ட் மட்டுமல்ல, பக்கத்தில் ஓடும் பிரேக் இரும்புக் குழாயும் சேர்ந்தே போகும். உரம் இறக்கிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

எர்த்தைச் சுத்தம் செய்ய நெகடிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதுவே கடைசி. முனையில் பூத்த பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால், பேட்டரிக்குள் இறங்காமல் துடையுங்கள். சேசிஸில் போல்ட் உட்காரும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

பிரேக் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். சுமையோடு இரண்டரை டன் எடையுள்ள வண்டி அதில் அடக்க வேண்டிய ஆற்றல் சுமார் 13 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால் பெரும்பகுதியும் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ஏறும் கியரிலேயே இறங்குங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி கட்டும். மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், வண்டியின் கையேடு சொல்லும் காலத்தில், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, முழுவதும் மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்ற வேண்டாம். இன்ஜின் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதிப் போகும்.

ஆயில் அளவு சட்டென்று குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள். சக்கரத்தின் உட்புறம் ஈரமா, ஹோஸை வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். டீசல் ஹோஸிலும் இதே கண். அதில் சிறு வெடிப்பு இருந்தால் காற்று புகுந்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். பிரேக் குழாயை மாற்றுவதும் ஏர் எடுப்பதும் மெக்கானிக் வேலை. கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

களப்பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பவர் டில்லருக்கும் தெளிப்பானுக்கும் பராமரிப்புப் பயிற்சி தருகிறீர்கள். அடுத்த முறை கிராமத்துக்கு வரும்போது ஒரு மெக்கானிக்கையும் அழைத்து வந்து, அங்கே நிற்கும் பிக்கப் ஒன்றின் அடிப்பாகத்தை எல்லோருக்கும் காட்டுங்கள்.