குருத்தென்னும் பெயர்

கழிவெனக் கொட்டப்பட்ட பொருள் மருந்தாகுமோ என்னும் வினா இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. உடல் மெலிய விரும்புவோரிடமிருந்து உறிஞ்சியெடுத்த கொழுப்பினுள், என்பாகவும் கசியிழையமாகவும் தசையாகவும் மாறும் இயல்புடைய கலங்கள் உளவென்பதை, கலிபோணியாப் பல்கலைக்கழகத்துப் பற்றீசியா சூக் என்னும் அம்மையாரும் அவர்தங் குழுவினரும் ஆய்வுகூடத்திற் கண்டு 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஆங்கிலர் ‘ஸ்டெம் செல்’ என்பதனை நாம் குருத்துக் கலம் என்கின்றோம். தமிழாசிரியனாகிய எனக்கு இப்பெயரே இடர் தருகின்றது. குருத்தென்றவுடன் யாழ்ப்பாணத்தவர் கண்முன் பனை நிற்கும். குருத்து விரிந்தால் ஓலையாதல் உறுதி. ஆகவே, முழங்காலிற் செலுத்திய கலம் அங்கே கசியிழையமாய்த் தளிர்க்குமென நோயாளர் நம்புதல் இயல்பே. ஆயின், செலுத்தப்பட்ட கலங்களுட் பெரும்பாலன நெடுநாள் நிலைப்பதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்தலே அவற்றின் தலையாய தொழிலென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இவ்வினக் கலங்களுக்கு 1991 இல் அப்பெயரை வழங்கிய ஆணல்ட் கப்லன் என்பாரே, 2017 இல் அதனை மாற்றவேண்டுமென்று எழுதினார். பெயரிட்டவரே அதனை மறுக்கும் நேர்மை இலக்கண ஆசிரியரிடத்தும் அரிது! குருத்தைப் பனைக்கே விட்டு, ‘கொழுப்பிழையக் கலம்’ என நாம் வழங்குதல் நன்று.

மயக்கம் சொல்லளவில் நின்றாற் கவலையில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பார்வை மங்கிய மூதாட்டியர் மூவர்க்கு, அவர்தங் கொழுப்பினின்று பிரித்தவற்றை இரு கண்களிலும் ஒரே நாளில் ஏற்றினர். ஒவ்வொருவரும் 5,000 டொலர் கொடுத்தனர். விழித்திரை பிரிந்து, இருந்த பார்வையும் பெரிதும் போயிற்று. மருத்துவ ஏடொன்று இச்செய்தியை 2017 இல் வெளியிட்டது. ‘உம்முடைய உடற்பொருள் உமக்கே தீங்கு செய்யுமோ?’ என்பது வணிகர் வாதம். தன் இரத்தமேயாயினும் மூளைக்குட் கசிந்தாற் கேடன்றோ?

ஆராய்ச்சியை யான் பழிக்கின்றேனல்லேன். குரோன் நோயால் உண்டாகும் பவுத்திரத்துக்கு, பிறர் கொழுப்பினின்று பெற்ற கலமருந்தொன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் ஏற்றது. பின்னர் நடந்த பெருஞ்சோதனையில் அதன் பயன் மெய்ப்பிக்கப்படாமையால் 2024 இல் அம்மருந்து சந்தையினின்று நீக்கப்பட்டது. இதுவே முறை. சோதனையென்று சொல்லி நோயாளரிடமே கட்டணம் பெறுதல் வாணிகம்.

நம் பழைய மாணவருள் மருத்துவர் பலர் உளர். விளம்பரத் தாளைக் கையிலேந்தி முழங்கால் நோவுடன் வரும் முதியோர்க்கு, அச்சிகிச்சையின் சோதனை முடிந்ததா, முடியவில்லையெனிற் கட்டணம் எதற்கு என்று வினவும்படி அவர்கள் எடுத்துரைப்பாராக.