பாஸ் கிதாரும் பெடல் நிரலும்

இசைக்குழுவொன்றில் கேட்போரின் செவிக்கு எளிதிற் புலனாகாதது பாஸ் கிதார். பாடுவோர் குரலையும், கிதாரின் மீட்டலையும், டிரம்மின் முழக்கத்தையும் யாவரும் பிரித்துணர்வர். அவற்றின் கீழே நின்று அனைத்தையுந் தாங்கும் அடிநாதத்தையோ, அஃது இல்லாதொழிந்த பின்னரே உணர்வர். சுருதியும் தாளமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அதுவே. தமிழ்த் திரையிசையில் 1976-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த இளையராஜாவின் பாடல்களை ஊன்றிக் கேட்டோர், பாஸ் கிதாரின் நடை ஒரு பாட்டிற்கு எத்துணை உயிரூட்டவல்லது என்பதை நன்கறிவர்.

இத்தகைய கருவியைப் பயிலும் மாணவரிற் பலர், விரல் பழகு முன்னரே பெடல்களை நாடுகின்றனர். எவற்றை வாங்குவது, வாங்கியவற்றை எந்த வரிசையில் இணைப்பது என்னும் இரு வினாக்களும் இசைக்குழுக்களில் ஓயாது எழுகின்றன. புகழ்பெற்ற வாசிப்பாளர் ஒருவரின் பெடற் பலகையைப் பார்த்து அப்படியே படியெடுப்பதே அவற்றிற்குப் பெரும்பாலும் விடையாகிவிடுகிறது. இது தகாதென்பதும், இவ்விரு வினாக்களுக்கும் அளவுகோல் ஒன்றே என்பதும் எமது கருத்து. அவ்வளவுகோலாவது: பெடலை மிதித்த பின்னும் அடிநாதம் நிலைத்து நிற்கின்றதா என்பதே.

பெடல் என்பது கருவிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் இடையே தரையில் வைத்துக் காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டி. தந்தியிலிருந்து வரும் மின்னலைகளை அது மாற்றி அனுப்புகிறது. மாற்றப்படுவது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்த பிரிஸிஷன் பாஸ் என்னும் கருவியே இன்றைய மின்சார பாஸ் கிதார்களுக்கு மாதிரியாயிற்று. அதன் நான்கு தந்திகளும் முறையே விநாடிக்கு ஏறத்தாழ 41, 55, 73, 98 அதிர்வுகளை எழுப்புவன. சாதாரணக் கிதாரின் தடித்த தந்தியோ 82 அதிர்வுகளை உடையது. ஆகவே கிதாரின் எல்லை முடியுமிடத்திற்குக் கீழேயே பாஸ் கிதாரின் ஆட்சி நடைபெறுகிறது. கிதாருக்கெனச் செய்யப்பட்ட பெடல்களிற் சில இதற்கு ஒவ்வாமைக்குக் காரணம் இதுவே. டியூப் ஸ்கிரீமர் என்னும் ஓவர்டிரைவ் பெடலை எடுத்துக்கொள்வோம். 720 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அது வரவரக் குறைவாகவே பெருக்குகிறது. கிதாருக்கு அது தெளிவைத் தரும். பாஸ் கிதாருக்கோ அடிநாதத்தை மெலிவிக்கும்.

இவ்விடத்து ஒரு சாரார், "அங்ஙனமாயின் பாஸ் கிதாருக்குப் பெடலே வேண்டுவதின்று" என்பர். அவர் கூற்று முற்றும் புறக்கணிக்கத் தக்கதன்று. டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸன் பெடலொன்றையும் நாடியவரல்லர். வலக்கை ஆட்காட்டி விரலொன்றாலேயே தந்தியை மீட்டி, இன்றும் மாணவர் பயிலும் இசைநடைகளை அவர் ஆக்கினார். விரல் செய்ய வேண்டியதைப் பெட்டி செய்யாது என்பதற்கு அவர் வாழ்வினும் சிறந்த சான்று வேண்டா.

எனினும் பெடல் என்பதே பாஸ் கிதாருக்கு அயலானது என்று கூறுவார், அதன் வரலாற்றை மறந்தவராவர். 1960-ஆம் ஆண்டு நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய பாடலொன்றைப் பதிவு செய்யுங்கால், கிரேடி மார்ட்டின் ஆறு தந்திகளையுடைய பாஸ் கிதாரை வாசித்தார். ஒலிக்கலவை மேசையின் ஓருறுப்புப் பழுதுற்றமையால் அவர் வாசிப்புக் கரகரத்துப் பதிவாயிற்று. அதனை நீக்காமலே 1961-இல் பாடலை வெளியிட்டனர். அப்பதிவை நடத்திய கிளென் ஸ்னாடி அவ்வொலியை வேண்டியபோது எழுப்பும் மின்சுற்றொன்றை ஆக்க முற்பட்டார். அதன் பயனாக 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெடல் விற்பனைக்கு வந்தது. ஆகவே ஃபஸ் ஒலி பிறந்ததே பாஸ் கிதாரின் தந்தியிலன்றோ?

பின்னர் 1965-இல் பீட்டில்ஸ் குழுவினரின் 'திங்க் ஃபார் யுவர்ஸெல்ஃப்' என்னும் பாடலில் பால் மெக்கார்ட்னி ஃபஸ் ஒலியோடு பாஸ் கிதாரை வாசித்தார். அங்கே கவனிக்கத் தக்கது யாதெனின், கலப்பற்ற பாஸ் வாசிப்பொன்றும் அதனுடன் சேர்த்தே பதிவு செய்யப்பட்டமையாம். கரகரப்பு மேலே விளையாட, அடிநாதம் கீழே அசையாது நின்றது. எமது அளவுகோலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறு வேண்டுவதில்லை. இக்காலத்துப் பாஸ் பெடல்கள் பலவற்றில் 'பிளெண்ட்' எனப்படும் திருகு ஒன்று உண்டு. மாற்றிய ஒலியையும் மாற்றாத ஒலியையும் வேண்டிய அளவிற் கலக்க அஃது உதவும். இரு பதிவுகள் செய்த வேலையை இன்று அத்திருகொன்றே செய்கிறது. ஓவர்டிரைவோ ஃபஸ்ஸோ வாங்கப் புகும் மாணவர் முதலில் நாட வேண்டுவது அத்திருகையே, பெட்டியின் வண்ணத்தையன்று.

ஓவர்டிரைவ் வெறும் ஆடம்பரமன்று என்பதற்கு ஒலிநூலும் துணை நிற்கிறது. சிறிய ஒலிபெருக்கிகள் 41 அதிர்வுகளையுடைய ஒலியைச் செவ்வையாக எழுப்பமாட்டா. ஆயினும் 82, 123, 164 என அதன் மடங்குகள் தெளிவாகக் கேட்குமாயின், இல்லாத அடிநாதத்தை நமது செவியே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஓவர்டிரைவ் இம்மடங்குகளை மிகுவிக்கின்றது. ஆதலின் அளவோடு சேர்த்த கரகரப்பு, கைப்பேசியிற் பாடலைக் கேட்பவர்க்கும் பாஸ் கிதாரின் நடையை உணர்த்தவல்லது.

இனித் தேர்வைப்பற்றிக் கூறுவாம். மாணவர்க்கு முதற்கண் வேண்டுவன மூன்றே. ஒன்று, ட்யூனர். சுருதி சேராத பாஸ் கிதார் குழு முழுவதையும் பிழைபடச் செய்யும். இரண்டு, கம்ப்ரஸர். இது உரத்த ஒலியை அடக்கும். தாழ்ந்த ஒலியோடு அதற்குள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கும். விகிதம் நான்குக்கு ஒன்றெனின், குறித்த எல்லைக்கு மேல் 4 டெசிபெல் ஏறிய ஒலி 1 டெசிபெல்லே ஏறியதாக வெளிவரும். மூன்று, மேற்கூறிய திருகுடைய ஓவர்டிரைவ். இவற்றிற்கு மேற்பட்டன யாவும் குறித்த பாடலொன்று கேட்டாலன்றி வாங்கத் தக்கனவல்ல. தாழ்ந்த ஸ்தாயியைச் சேர்க்கும் ஆக்டேவ் பெடலும், பூட்ஸி காலின்ஸின் வாசிப்பாற் புகழ்பெற்ற மியூ-ட்ரான் போன்ற என்வலப் ஃபில்டரும், கோரஸும் அவ்வகையின. ரிவெர்ப் பெடலோ எல்லாவற்றிற்கும் கடைசியில் எண்ணத் தக்கது. உயர்ந்த கூரையையுடைய கல்லூரி மண்டபங்களும் ஆலயங்களும் தாமே எதிரொலியை மிகுதியாக வழங்குவன. கலங்கிய நீரில் மேலும் சேற்றைக் கரைப்பதாற் பயன் யாது?

அடுத்து நிரல். வரிசை என்பது வேதவாக்கன்று. ஒவ்வொரு பெடலும் தனக்கு முன்னதிலிருந்து எதைப் பெறுகிறது என்னும் ஆராய்ச்சியே வரிசையைத் தீர்மானிப்பது. ட்யூனரும் ஆக்டேவும் தூய தனிச்சுரத்தை வேண்டுவன. கரகரத்த ஒலியைக் கொடுத்தால் அவை தடுமாறும். ஆதலின் அவை முதலில் நிற்பன. என்வலப் ஃபில்டர் விரலின் மென்மை வன்மைக்கேற்பத் திறந்து மூடுவது. கம்ப்ரஸர் அவ்வேறுபாட்டையே குறைத்துவிடுவதால், ஃபில்டர் அதற்கு முன்னர் நிற்றல் நலம். அவற்றின் பின் கம்ப்ரஸர், அதன்பின் ஓவர்டிரைவ், பின்னர் கோரஸ், இறுதியில் டிலேயும் ரிவெர்பும். எதிரொலியைக் கரகரக்கச் செய்வதினும் கரகரத்த ஒலியை எதிரொலிக்கச் செய்வதே தெளிவைத் தருமாதலின், இறுதியிரண்டும் ஓவர்டிரைவுக்குப் பின்னர் வைக்கப்படுகின்றன.

விதிவிலக்குகளும் உள. ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய வகை ஃபஸ் பெடல்கள் இடையே வேறொன்றும் இன்றிக் கருவியின் பிக்கப்போடு நேரே இணைந்தால்தான் தமது இயல்பைக் காட்டுவன. மேலும், ஃபஸ்ஸின் பின்னே ஃபில்டரை வைத்தால் ஸிந்தஸைஸர் போன்றதோர் ஒலி எழும். அதனை விரும்பி அவ்வாறு வைப்பாரும் உளர். காரணம் அறிந்து வரிசையை மாற்றுதல் கலை. அறியாது மாற்றுதல் விபத்து.

பெடலைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறப்பது மின்சாரம். பெடல்களுட் பெரும்பாலன 9 வோல்ட் கொண்டு இயங்குவன. அவற்றின் அடாப்டர் முனையில் நடுப்பகுதி எதிர்மின் உடையது. இதனை மாற்றி இணைத்தல் பெட்டிக்கே கேடு. சில பெடல்களுக்குப் பத்து மில்லியாம்பியருக்குட்பட்ட மின்னோட்டமே போதும். டிஜிட்டல் பெடல்களிற் சிலவோ நூற்றுக்கு மேலும் வேண்டுவன. எல்லாவற்றின் தேவையையும் கூட்டிப் பார்த்தே அடாப்டர் வாங்குதல் வேண்டும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியே பிரிந்த மின்வழியைக் கொடுக்கும் அடாப்டர் விலை மிகுந்ததாயினும் இரைச்சலைப் பெரிதுங் குறைக்கும். நம் நாட்டிற்கு இது சிறப்பாகப் பொருந்தும். இந்தியாவின் மின்சாரம் விநாடிக்கு 50 அதிர்வுகளையுடையது. பாஸ் கிதாரின் தடித்த தந்தியில் மூன்றாங் கட்டையில் எழும் சுரமோ 49. ஆகவே மின்னிரைச்சல் நம்மிடம் ஏறத்தாழ ஒரு பாஸ் சுரமாகவே ஒலிக்கின்றது. சுருதி சேராத இரண்டாவது பாஸ் கிதார் ஒன்று இடைவிடாது உடன் வாசிப்பதை ஒப்பது அது.

இறுதியாக வாங்கும் முறை. மாணவரின் பணம் பெரும்பாலும் பெற்றோரின் வியர்வை. ஒரே வேளையில் ஐந்து பெடல்களுக்கு ஆர்டர் கொடுப்பவர், அவற்றுள் எது ஒலியைக் கெடுக்கிறது என்பதை அறிய இயலாது இடர்ப்படுவர். ஒரு வேளைக்கு ஒன்று வாங்குக. அதனோடு சில திங்கள் பழகுக. அது தீர்க்காத குறை யாதென்று உணர்ந்த பின்னரே அடுத்ததை எண்ணுக. விலையோடு கேபிள், அடாப்டர் ஆகியவற்றின் செலவையும் முன்னரே கணக்கிடுக. நல்ல நிலையிலுள்ள பழைய பெடலை வாங்குதலில் இழிவொன்றுமில்லை. வாங்குமுன், அறையிலே தனித்திருந்து கேட்டு முடிவு செய்தல் கூடாது. தனிமையில் இனிக்கும் ஒலி, டிரம்மும் கிதாரும் சேர்ந்த மாத்திரத்தில் மறைந்துபோதல் உண்டு. ஆதலின் குழுவினரோடு, மேடையின் உரப்பில் வாசித்துப் பார்த்தலே சோதனை. அப்பொழுது குழுவிலுள்ள மற்றொருவர் சற்றே விலகி நின்று, பெடலை மிதித்தபோது பாட்டு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று கூறட்டும். அத்தீர்ப்பை வாசிப்பவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

மணலின்மேல் வீடு கட்டியவனின் உவமையை அறியாதார் நம்முள் இலர். மாடம் எத்துணை அழகுடையதாயினும் அடித்தளம் நழுவின் அனைத்தும் வீழும். பெடல்கள் மாடங்கள், அடிநாதமே பாறை. நம் மாணவர் மேடையேறுங்கால் அவர் காலடியிற் கிடக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையை எவரும் எண்ணார். உடன் பாடுவோர் தம் பாட்டு உறுதியான நிலத்தின்மேல் நடப்பதை உணர்ந்தனரா என்பதொன்றே கேட்கப்படும். அவ்வுறுதியைக் கெடுக்காத பெடலைத் தேர்ந்து, கெடுக்காத இடத்தில் வைப்பாராக.