மூன்றெழுத்தில் ஒரு எச்சரிக்கை

மைசூர் விஜயநகரில் பக்கத்து வீட்டுப் பெரியவர், விழித்திரை அறுவைக்குப் பின் மருத்துவமனையில் கொடுத்த சீட்டைப் படித்துச் சொல்லக் கேட்டார். கடைசி வரியில் எஸ்.ஓ.ஆர். என்று மூன்றெழுத்து. சிலிகான் எண்ணெயை எடுக்க வேண்டும் என்று பொருள். வலி இல்லையே என்று ஓராண்டாக அவர் போகவில்லை.

விலகிய விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் நிரப்பும் எண்ணெய் இது. அமெரிக்காவில் பால் சிபிஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வோடு இந்த முறை வெளியுலகுக்கு வந்தது. இன்று மதுரை ஆரோலேபிலேயே எண்ணெய் தயாராகிறது. பார்வையைக் காக்க வந்த விருந்தாளிதான். நாள்கணக்கு மீறித் தங்கினால் வம்பு.

கண்புரை வளரும். எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அடைத்தால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். அப்படிப் போன பார்வை திரும்பாது. அதனால்தான் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுத்துவிடுகிறார்கள். எடுத்தபின் திரை மீண்டும் விலகும் அபாயமும் உண்டு என்பதால் சிலருக்கு விட்டுவைப்பார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நம் மறதி அல்ல.

நோயாளியின் மொழியில் ஒரு வரி, ஒரு தேதி எழுதிக் கொடுத்தால் போதும். அதுவரை, வீடு திரும்பும் முன் நீங்களே கேளுங்கள்: கண்ணில் வைத்தது வாயுவா, எண்ணெயா? வாயு தானே கரையும். எண்ணெய் கரையாது, எப்போது எடுப்பீர்கள்?