மிச்சக் காசுக்கு மிட்டாயா?

"சில்லறை இல்லம்மா. 2 மிட்டாய் எடுத்துக்கோ."

கடலூர், சிதம்பரம் மளிகைக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வேண்டாம் என்றால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். "2 ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார். கேட்ட அம்மா கூனிக் குறுகிப் போகிறார். காசும் போச்சு, மானமும் போச்சு!

அதே அம்மா மறுநாள் அந்த 2 மிட்டாயைக் கொண்டு வந்து, "இதை வச்சுக்கிட்டு ஒரு தீப்பெட்டி குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். அவர் கையில் இருக்கும்போது மட்டும் மிட்டாய் காசு ஆகிவிடுகிறது!

தினம் 2 ரூபாய் என்றால் வருடத்துக்கு 730 ரூபாய். கூலி வேலை செய்பவருக்கு இது ஒரு நாள் சம்பளத்துக்கும் மேல்.

செல்லாக் காசா?

இன்னொரு கொடுமை 10 ரூபாய் நாணயம். கடலூர் முதுநகரில் கூடை மீன் விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு வரும் கிழவியிடம், "இது இங்க போகாது பாட்டி" என்று தள்ளிவிடும் கடைகள் உண்டு. சிதம்பரம் கோவிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கும் இதே கதி. சென்னையில் செல்லும் காசு சிதம்பரத்தில் செல்லாதா?

10 ரூபாய் நாணயத்தில் 14 வகை உண்டு, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. ரூபாய்க் குறி இருந்தாலும் செல்லும், இல்லாவிட்டாலும் செல்லும். 2011-ம் வருட நாணயச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வதந்தியை நம்பிய கடைக்காரர் சட்டத்தை நம்பவில்லை!

"போன்ல போட்டுடு" என்பது புதுப் பேச்சு. போனே இல்லாத கிழவி எதில் போடுவார்?

கடைக்காரர் பக்கம்

கடைக்காரர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது. காலையில் பால் வாங்க வருகிறவர் எல்லாம் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் எங்கே போவார்? ஆனால் நாணயங்களை வாங்கவும் மாற்றித் தரவும் வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. வாங்க மறுத்த 10 ரூபாய் நாணயங்களை வாங்கிப் போட்டாலே கல்லாவில் பாதிச் சில்லறை சேர்ந்துவிடும். அப்படியும் இல்லையென்றால், மிச்சத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து மறுநாள் கழித்துக்கொள்ளலாமே! கூடவே ஒரு நல்ல வார்த்தை. அதற்குச் சில்லறை வேண்டியதில்லை.

பொதுமக்களும் சும்மா இருக்கக்கூடாது. பில் கேட்டு வாங்க வேண்டும். பில் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் 2 ரூபாய்க்காக எந்தக் கிழவி ஆணையத்தின் படி ஏறுவார்? அந்தத் தைரியத்தில்தான் இது நடக்கிறது. ஆகவே அதிகாரிகள்தான் கடைக்கு வர வேண்டும். "10 ரூபாய் நாணயம் இங்கே வாங்கப்படும்" என்ற அட்டை ஒவ்வொரு கடையிலும் தொங்க வேண்டும். இரண்டு ஊர் வணிகர் சங்கங்களும் வங்கி மேலாளர்களை அழைத்துச் சில்லறை முகாம் நடத்த வேண்டும்.

மிட்டாய் குழந்தைக்கு. மிச்சக் காசு வாங்கியவருக்கு. கலெக்டர் கவனிப்பாரா?