ஸ்டீவ் கெட்டால் சூழ்ச்சி, சாம் கெட்டால் சுபாவமா?

2016 மே மாதம் வெளிவந்த ஒரு காமிக்ஸ் இதழின் கடைசிப் பக்கத்தில், கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் ஹைட்ராவுக்கு வாழ்த்து முழக்கமிட்டார். பாசிசக் கும்பலை எதிர்த்தே வாழ்ந்த நாயகன், தொடக்கத்திலிருந்தே அந்தக் கும்பலின் ஆள்தான் என்றது கதை. ரசிகர்கள் கொதித்தார்கள். 'வெறும் படக்கதைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள்.

வெறும் படக்கதை அல்ல அது. அந்த நாயகனைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள். ஹிட்லரின் தாடையில் கேப்டன் அமெரிக்கா குத்துவிடும் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைகளுக்கு வந்தது. அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டு இருந்தது. நியூயார்க்கிலேயே நாஜி ஆதரவாளர்கள் ஊர்வலம் போன காலம். அழிக்கத் துடித்தவர்களுக்கு எதிராக, அழிக்கப்பட இருந்த மக்களின் பிள்ளைகள் வரைந்த குத்து அது.

அந்த முகத்தில் பாசிச முத்திரை குத்தியதை மார்வெல் நிறுவனம் வெறும் கதைத் திருப்பம் என்றது. ஹைட்ரா வேறு, நாஜி வேறு என்ற சமாளிப்பும் வந்தது. 2011-இல் வந்த மார்வெலின் சொந்தப் படத்தில் ஹைட்ரா ஹிட்லரின் ஆராய்ச்சிப் பிரிவு! 2017-இல் விற்பனைக்காகக் கடைக்காரர்களுக்கு ஹைட்ரா டி-சர்ட்டும் அனுப்பினார்கள். இதைக் கண்டு யூத வாசகர்களுக்கு வந்த கோபம் முற்றிலும் நியாயமானது. எழுத்தாளருக்குக் கொலை மிரட்டல் விடுத்தவர்களின் வெறி அந்தக் கணக்கில் சேராது.

ஆனால், தோழர்களே, நம் கேள்வி அதற்கு அடுத்தது. நாயகனை இப்படித் திருத்தி எழுதுவது 2016-இல்தான் தொடங்கியதா?

1969-இல் அதே கேப்டன் அமெரிக்கா இதழில் சாம் வில்சன் என்ற ஃபால்கன் அறிமுகமானார். அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களில் வந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்க சூப்பர் ஹீரோ. ஹார்லெம் பிள்ளை, சமூகப் பணியாளர். ஆறே ஆண்டுகள். 1975-இல் கதையைத் திருப்பினார்கள்: சாம் உண்மையில் 'ஸ்னாப்' என்ற கிரிமினலாம், ரெட் ஸ்கல் என்ற நாஜி வில்லன்தான் காஸ்மிக் கியூப் என்ற மாயப்பொருளால் அவரை நல்லவராக மாற்றினானாம்!

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ரெட் ஸ்கல். அதே காஸ்மிக் கியூப். வெள்ளை நாயகனிடம் நன்மை இயற்கை, தீமை வெளியிலிருந்து ஏற்றப்பட்டது. கறுப்பு நாயகனிடம் தீமை இயற்கை, நன்மைதான் ஏற்றப்பட்டது; அதையும் ஒரு நாஜி போட்ட பிச்சையாக்கினார்கள். இது கதைத் திருப்பமா, குற்றப்பரம்பரை முத்திரையா?

ஸ்டீவின் கறை எத்தனை நாள் நின்றது? அடுத்த இதழிலேயே அது ரெட் ஸ்கல்லின் சூழ்ச்சி என்று விளக்கம் வந்துவிட்டது. 2017 ஆகஸ்டில் உண்மையான ஸ்டீவ் திரும்பி வந்து போலியை வீழ்த்தினார். சுமார் பதினைந்து மாதங்களில் பெயர் சுத்தம். சாமின் 'ஸ்னாப்' கறையோ பல பத்தாண்டுகள் அவருடைய வரலாறாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

'எழுத்தாளருக்குச் சுதந்திரம் வேண்டாமா?' என்பார்கள். தாராளமாக வேண்டும். நாயகனை வீழ்த்தலாம், கேள்வி கேட்கலாம், தேசபக்திக்குள் ஒளிந்திருக்கும் பாசிசத்தைத் தோலுரிக்கலாம். ஆனால் எவருடைய வீழ்ச்சியை மீட்க வேண்டிய விபத்தாகவும், எவருடைய வீழ்ச்சியை வெளிப்பட்ட உண்மையாகவும் எழுதுகிறீர்கள் என்பதில் உங்கள் அரசியல் இருக்கிறது. சுதந்திரம் என்ற சொல்லால் அதை மூட முடியாது.

ரசிகர்களுக்கும் இதுவே கேள்வி. உங்கள் கோபம் பிடித்த பொம்மை உடைந்ததற்கா, ஒரு மக்களின் மானம் உடைக்கப்பட்டதற்கா? இரண்டாவதுதான் என்றால் அந்தக் கோபம் சாமுக்கும் வர வேண்டும். பிறப்பிலேயே குற்றவாளி என்று ஒருவரை எழுதும் பேனா காமிக்ஸில் இருந்தாலும் காவல்துறைப் பதிவேட்டில் இருந்தாலும் ஒன்றுதான். அதைத் தட்டிக் கேட்காத ரசனை நமக்கு வேண்டாம்.