கடனை ஏற்றுக்கொண்ட நீதிபதி

லோதர் கிரைசிக், ஜெர்மனியின் பிராண்டன்பர்க் நகரத்து நீதிபதி. ஆதரவற்ற மனநோயாளிகளின் காப்புப் பொறுப்பு அவர் நீதிமன்றத்திடம் இருந்தது. 1940இல் அவர்களின் சாவுச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் மேசைக்கு வந்தன. ஹிட்லர் அரசே அவர்களைக் கொல்கிறது என்று தெரிந்ததும் நீதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பொறுப்பான அதிகாரி மீது கொலைப் புகாரே கொடுத்தார். அவரைக் கட்டாய ஓய்வில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குற்றத்தை எதிர்த்து நின்ற இந்த மனிதர்தான் 1958இல், பெர்லினில் கூடிய திருச்சபை மாமன்றத்தில், குற்றத்தின் கடன் நம்முடையது என்றார். நம்மால் நொந்த நாடுகளுக்கு நம் பிள்ளைகள் போய் உழைக்கட்டும், அதற்கு அந்த மக்களிடம் அனுமதி கேட்போம் என்றார். 'ஆக்‌ஷன் ரீகன்சிலியேஷன்' தொண்டமைப்பு அப்படித்தான் பிறந்தது. அந்த அனுமதி கேட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். உதவ வருகிறோம் என்ற மிடுக்கு அதில் துளியும் இல்லை.

1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தது இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயம். 1961இல் இந்த அமைப்பின் ஜெர்மன் இளைஞர்கள் அங்கே வந்து, இடிபாடுகளுக்கு நடுவே ஒரு நல்லிணக்க மையம் கட்ட உழைத்தார்கள். 1965இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போய், நேசநாடுகளின் குண்டில் சிதைந்த மருத்துவமனையைச் சீரமைக்கக் கைகொடுத்தார்கள்.

பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்வேன். "அப்போ பொறக்காதவங்க எதுக்கு சார் போகணும்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாத்தா விட்டுப்போன வீட்டை ஏற்கிறவன் அதன் மேலுள்ள கடனையும் ஏற்கத்தான் வேண்டும் என்பேன்.

ஒரு வாரம் போய்ப் படமெடுத்துத் திரும்பினால் இந்தக் கடன் தீராது. இந்தத் தொண்டில் பெரும்பாலும் ஓராண்டு உழைக்க வேண்டும். வதைமுகாமிலிருந்து தப்பிய ஒரு பாட்டிக்குக் காய்கறி வாங்கித் தர வேண்டும், மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், அவர் பேச விரும்பாத நாளில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெர்மன் மொழியைக் கேட்டாலே உடல் நடுங்குகிறவர்கள் அப்படித் தப்பியவர்களில் உண்டு. அந்த நடுக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைக்கு வரலாறு வெறும் மதிப்பெண் பாடமாக இருக்காது.

பழசைக் கிளறியது போதும் என்ற குரல் இன்று ஜெர்மனியிலேயே உரக்கக் கேட்கிறது. தப்பியவர்களோ முதுமையில் ஒவ்வொருவராக மறைகிறார்கள். ஆகவே இந்தப் பணிக்கு இன்னும் நிறையப் பிள்ளைகள் போக வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே சம்பளமில்லாத ஓராண்டு கட்டுப்படியாகும் என்ற நிலை வரக்கூடாது. தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவு முழுவதையும் அரசுகள் ஏற்க வேண்டும்.