ஒழுங்கு உண்டு, பெயர்தான் பிழை

'அனாமலஸ் டிஃப்யூஷன்' என்ற தொடரை 'ஒழுங்கற்ற விரவல்' எனத் தமிழாக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அப்பெயர் பொருளையே தலைகீழாக்கிவிடும் என்பது நம் துணிபு.

நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத தள்ளாட்டத்தை 1827இல் ராபர்ட் பிரௌன் ஆராய்ந்தார். 1905இல் ஐன்ஸ்டைன் அதற்குக் கணக்குச் சொன்னார். புறப்பட்ட இடத்திலிருந்து துகள்கள் விலகும் தொலைவை இருமடியாக்கிச் சராசரி கண்டால், அது காலத்திற்கு நேர்விகிதத்தில் வளரும். காலம் 100 மடங்கானால் அதுவும் 100 மடங்காகும். கூழ், பாலிமர்க் கரைசல், உயிரணுவின் உட்பகுதி போன்ற மென்பதப் பொருள்களில் (மென்பொருள் என்றால் கணினிக்காரர்கள் உரிமை கோருவர்) இவ்விகிதம் பெரும்பாலும் நிற்பதில்லை. ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்த கோல்டிங்கும் காக்ஸும் 2006இல் கண்ட அடுக்கெண் ஏறத்தாழ 0.7. அதாவது, காலம் 100 மடங்கானால் இருமடித் தொலைவு 25 மடங்கே ஆகும். இதுவும் ஒரு விதிதான். ஒழுங்கின்மை எங்கே இருக்கிறது?

அந்த 0.7ஐக் கண்டதும் வேலை முடிந்ததென எண்ணுவது இன்னொரு பிழை. ஒரே அடுக்கெண்ணுக்கு வேறுவேறு கதைகள் உண்டு. மாண்ட்ரோலும் வைஸும் 1965இல் வகுத்த மாதிரியில், துகள் ஓரிடத்தில் சிறைப்பட்டுக் காத்திருந்து பின் தாவுகிறது. காத்திருப்பு சிலவேளை மிக நெடியது. எங்கே நின்றது என்பதன்றி, எவ்வாறு வந்தது என்பது அதற்கு நினைவில்லை. மண்டெல்பிராட்டும் வான் நெஸ்ஸும் 1968இல் எழுதிய பின்னப் பிரௌனிய இயக்கமோ நினைவாலேயே ஆனது. துகள் முன்னே நகர்ந்தால், நெகிழ்ச்சியுள்ள ஊடகம் அதனைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கிறது. இரண்டிலும் சராசரி ஒன்றாகவே வரக்கூடும். முன்னதில் தனித்தனித் துகள்களின் நீண்டகாலச் சராசரிகள் ஒன்றோடொன்று ஒவ்வா. பின்னதில் காலப்போக்கில் ஒத்துவரும். அந்த பாக்டீரியாத் தரவுகளையே 2009இல் மீண்டும் சோதித்த ஆய்வு, நினைவுள்ள மாதிரியின் பக்கம் சாய்ந்தது. ஆகவே சராசரிக் கோட்டை மட்டும் வரைந்து காட்டும் கட்டுரைகளை நாம் ஐயத்துடனேயே படிக்க வேண்டும். ஒவ்வொரு துகளின் தடத்தையும் கேட்டுப் பெற வேண்டும்.

பெயருக்கு வருவோம். 'மந்த விரவல்' என்றால் அடுக்கெண் 1ஐத் தாண்டும் வகைக்குப் பொருந்தாது. பிறழ்ந்தது நேர்விகிதமே ஆதலால் 'விகிதம் பிறழ் விரவல்' என்பதை முன்வைக்கிறோம். நாவுக்குச் சற்றுக் கடினந்தான். இதனினும் நல்ல சொல் உடையோர் தரட்டும்.